அழியுங் குரலை அரக்கில் அமைத்தவர்: பிரெட் கைஸ்பர்க் சரிதை

கல்லில் வடித்த சிற்பம் ஆயிரம் ஆண்டு நிற்கும். ஏட்டில் எழுதிய கவி, ஏடு செல்லரித்துப் போயினும், பெயர்த்தெழுதுவார் உளராயின் பிழைத்துக்கொள்ளும். இசையோ பிறந்த கணத்திலேயே மறையும் இயல்பினது. திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள் இயற்றியருளிய கீர்த்தனங்கள் நம்மிடம் உள; அவற்றை அவர் பாடிய குரல் இல்லை. சங்கீத உலகில் தமக்கு ஒப்பாரின்றி விளங்கிய மகா வைத்தியநாதையர் 1893-ஆம் ஆண்டில் காலமானார். அமெரிக்க நாட்டு எடிசன் என்பார் குரலைப் பதிந்து மீட்டும் ஒலிக்கச் செய்யும் பொறியை அமைத்தது 1877-ஆம் ஆண்டிலாகும். இவ்விரண்டுக்கும் இடையே பதினாறு ஆண்டு இருந்தும், ஐயரவர்கள் குரலைத் தாங்கிய பதிவு ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது. பொறி இருந்தால் மட்டும் போதாது. அதனைச் சுமந்துகொண்டு பாடுவோர் வாயிலைத் தேடிச் செல்லும் ஒருவரும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனம் சுமந்து சென்றவர் பலருள்ளும் தலைசிறந்தவர் பிரெடெரிக் வில்லியம் கைஸ்பர்க் என்பவர். பிரெட் கைஸ்பர்க் என்றே உலகம் அவரை வழங்கும். அவர் பெரும் பாடகரல்லர், பொறியைக் கண்டுபிடித்தவருமல்லர். ஆயினும் பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்து, அவற்றின் எண்களையும் ஆண்டுகளையும் ஆராய்ந்து உரையாடி மகிழும் அன்பர்களுள் அவர் பெயரை அறியாதார் அரியர். நம் பாரத நாட்டின் சங்கீதத்தை முதன்முதல் பெருந்தொகையாகத் தட்டில் ஏற்றியவரும் அவரே. ஆதலின் அவர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும், அவர்தம் இல்லத்துப் பெண்டிரும் சிறாரும் அறிந்துகொள்ளுமாறு ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

பிறப்பும் இளமையும்

கைஸ்பர்க் 1873-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1-ஆம் தேதி அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனிற் பிறந்தார். அவர் தந்தையார் ஜெர்மானிய மரபினர். அரசாங்க அச்சகத்தில் ஊழியம் புரிந்தவர். செல்வம் மிக்க குடும்பமன்று. ஆயினும் சங்கீதப் பழக்கம் உடைய குடும்பம். சிறுவர் பிரெட் இளமையிலேயே பியானோ வாசிப்பதில் தேர்ச்சி பெற்றார். அக்காலத்தில் பாண்டு வாத்தியத் தலைவராய்ப் புகழ்பெற்றிருந்த சூசா என்பவரின் கவனத்தையும் அவர் பெற்றார்.

பள்ளிப் பருவம் நீங்குமுன்னரே அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. வாஷிங்டனில் கொலம்பியா என்னும் பெயருடைய கம்பெனியார் மெழுகு உருளைகளிற் பாட்டைப் பதிந்து விற்றுவந்தனர். பாடுவோருக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசிப்பது பிரெட்டின் பணி. அத்தொழிலில் ஒரு பெருங்குறை இருந்தது. ஓர் உருளையைப் பார்த்து ஆயிரம் உருளை அச்சிடும் வழி அப்போது இல்லை. சில குழல்களை முன்னே வைத்து ஒருமுறை பாடினால் சில உருளைகளே கிடைக்கும். நூறு வேண்டுமாயின் பாடுவோர் அதே பாட்டைக் காலைமுதல் மாலைவரை திரும்பத் திரும்பப் பாடித் தீரவேண்டும். இதனால் தொண்டை வலிமையும் உரத்த குரலும் உடையோரே அத்தொழிலுக்கு ஏற்றவராயினர். உயர்ந்த சங்கீத வித்துவான்கள் அப்பக்கம் திரும்பியும் பார்த்திலர். உருளைப் பொறி ஒரு விளையாட்டுப் பொருளாகவே எண்ணப்பட்டது. காசு போட்டால் வேடிக்கைப் பாட்டுப் பாடும் பெட்டியாகக் கடைத்தெருக்களில் நின்றது.

பெர்லினரும் அவலரக்கும்

அந்நாளில் வாஷிங்டனில் எமில் பெர்லினர் என்னும் அறிஞர் வாழ்ந்தார். அவர் ஜெர்மானிய நாட்டு ஹானோவர் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர். 1887-ஆம் ஆண்டில் அவர் கிராமபோன் என்னும் பொறிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். உருளையை விடுத்துத் தட்டையான வட்டத் தகட்டில் ஒலியைப் பதிவது அவர் முறை. ஒரு மூலத்தகட்டினின்று அச்சு எடுத்துக்கொண்டால், நாணயம் அடிப்பதுபோல் ஆயிரக்கணக்கில் தட்டுகளை அழுத்தி எடுக்கலாம். பாடுவோர் ஒருமுறை பாடினாற் போதும். இதன் பயனை முதலில் உணர்ந்தவருள் கைஸ்பர்க் ஒருவர். தகட்டிலிருந்து வந்த ஒலியின் நிறைவைக் கேட்டு அவர் மயங்கினார். உருளைக் கம்பெனியை விட்டுப் பெர்லினரிடம் சேர்ந்தார்.

சேர்ந்தபின் எதிர்ப்பட்ட இடையூறுகள் பல. பொறியைக் கையாற் சுழற்றவேண்டியிருந்தது. கை தளர்ந்தால் பாட்டும் தளரும். எல்டிரிட்ஜ் ஜான்சன் என்னும் இயந்திரத் தொழிலாளர் சாவி கொடுத்து ஓட்டும் வில் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தியபின் அக்குறை நீங்கியது. தட்டு எப்பொருளாலாவது என்பது மற்றொரு சிக்கல். முதலிற் கெட்டி ரப்பரைப் பயன்படுத்தினர். அதில் கொப்புளங்கள் தோன்றின. வரிகள் தெளிவாக அமையவில்லை. பின்னர்ச் சட்டைப் பொத்தான் செய்யும் தொழிற்சாலையொன்றில் வழங்கிய அவலரக்குக் கலவை இதற்கு ஏற்றதெனக் கண்டனர். அவலரக்கு என்பது யாது? நம் நாட்டுக் காடுகளிற் பலாசு, பூவம் முதலிய மரக்கொம்புகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினை உருக்கி மெல்லிய தகடாக இழுத்தெடுப்பதே அது. பீகார், வங்காள நாட்டுக் காட்டுவாசிகள் திரட்டிய அரக்கே கடல் கடந்து சென்று, கல்தூளுடனும் கரியுடனும் கலந்து, ஐரோப்பியப் பெரும்பாடகர் குரலைத் தாங்கிற்று. ஏறக்குறைய ஐம்பதாண்டு காலம் உலகத்து இசைத்தட்டெல்லாம் இதனைக்கொண்டே ஆயின.

இலண்டன் சேர்ந்தமை

1898-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கைஸ்பர்க் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. இலண்டன் மெய்டன் லேன் என்னும் சிறு தெருவில், பழைய விடுதியொன்றின் அறையில் பதிவுப் பொறியை அமைத்தார். ஆகஸ்டு மாதத்திலேயே பதிவு தொடங்கியது. அடுத்திருந்த உணவுச்சாலையில் ஊழியம் புரிந்த சிரியா லமாந்து என்னும் மங்கையே அங்கு முதலிற் பாடியவருள் ஒருவர். அதன்பின் ஐரோப்பா முழுதும் சுற்றலானார். லைப்சிக், வியன்னா, புடாபெஸ்டு, மிலான், பாரிசு, மாட்ரிட் முதலிய நகரங்களிலெல்லாம் விடுதி அறைகளிற் பொறியை நிறுத்திப் பதிந்தார்.

அக்காலப் பதிவு முறையை இன்றைய இளைஞர்கள் கற்பனை செய்தல் அரிது. மின்சாரம் அதிற் பயன்படவில்லை. சுவரினின்று நீண்டு வரும் ஒரு கூம்புக் குழல். அதன் முனையில் மெல்லிய சவ்வுத் தகடு. அதனோடு இணைந்த ஊசி. ஊசியின் கீழ்ச் சுழலும் மெழுகுத் தட்டு. இவ்வளவே கருவி. பாடுவோர் குழலின் வாய்க்குள் முகத்தை நுழைத்தாற்போல் நிற்கவேண்டும். மெல்லிய இடங்களில் நெருங்கவும், உச்ச ஸ்தாயியில் விலகவும் வேண்டும். கைஸ்பர்க் அவர் பின்னே நின்று, தோளைப் பிடித்து முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் உதவுவார். பியானோ மேடைமீது ஏற்றி வைக்கப்படும். மிருதுவான வாத்தியங்கள் பதியா. ஆழ்ந்த முழவொலி சரியாக விழாது. பிழை நேரின் மெழுகைத் தள்ளிவிட்டு மீண்டும் தொடங்கவேண்டும். பதிந்ததை உடனே ஓட்டிக் கேட்டால் மெழுகு கெட்டுவிடும். ஆதலின், நன்கு பதிந்ததா என்பதை அறிய வாரக்கணக்கிற் காத்திருக்கவேண்டும். தட்டின் அளவும் சிறிது. ஏழங்குலத் தட்டு இரண்டு நிமிஷம். பத்தங்குலத் தட்டு மூன்று நிமிஷம். பின்னர் வந்த பன்னிரண்டங்குலத் தட்டு நான்கு நிமிஷத்திற்குச் சிறிது மேல்.

ருஷிய நாட்டிற்குச் சென்றபோது அங்கிருந்த வணிகரொருவர் ஒரு யோசனை கூறினார். பெரும்புகழ் பெற்ற பாடகர் தட்டுகளுக்குச் சிவப்பு நிற முகப்புச் சீட்டு ஒட்டி உயர்ந்த விலைக்கு விற்கலாம் என்பதே அது. ஷாலியாபின் முதலியோர் பாடல்கள் அவ்வாறு வெளிவந்தன. விளையாட்டுப் பெட்டியாயிருந்த கிராமபோன் செல்வர் கூடத்திற் புகுந்தது இச்சிவப்புச் சீட்டினாலேயாம். பிற்காலத்தில் சேகரிப்போர் முதலில் தேடுவதும் அதுவாயிற்று.

காருசோவின் பத்துப் பாட்டு

1902-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் இத்தாலி நாட்டு மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் என்ரிக்கோ காருசோ என்னும் இளம் பாடகர் பாடுவதைக் கைஸ்பர்க் கேட்டார். காருசோவும் 1873-ஆம் ஆண்டிற் பிறந்தவரே. கேட்ட மாத்திரத்தில் இக்குரலை விடலாகாது எனக் கைஸ்பர்க் துணிந்தார். காருசோ பத்துப் பாட்டிற்கு நூறு பவுன் கேட்டார். அக்காலத்தில் அது மிகப் பெரிய தொகை. இலண்டன் தலைமை நிலையத்திற்குத் தந்தி கொடுத்ததாகவும், தொகை மிகையென்று கூறிப் பதிவு செய்யலாகாதென்று அங்கிருந்து தடையுத்தரவு வந்ததாகவும், தாம் அதனைப் பொருட்படுத்தாது மேற்சென்றதாகவும் கைஸ்பர்க் தம் நினைவு நூலில் எழுதியிருக்கின்றார். 1902 ஏப்ரல் 11-ஆம் தேதி, கிராண்டு ஹோட்டல் அறையொன்றில், ஒரே பிற்பகலில் பத்துப் பாட்டும் பதியப்பெற்றன. முந்தின ஆண்டில்தான் அவ்விடுதியிலேயே இத்தாலியின் இசைப் பேராசான் வெர்டி உயிர் நீத்திருந்தார்.

அத்தட்டுகள் வெளிவந்து ஐரோப்பாவெங்கும் பரவின. காருசோ இலண்டனிலும் நியூயார்க்கிலும் நாடகமேடை ஏறிப் பெரும் கீர்த்தி பெற்றார். அவர் குரல் குழலுக்கென்றே அமைந்தாற்போல் இயற்கையாய்ப் பதிந்தமையால், மற்றப் பாடகரும் தம் தயக்கத்தை விடுத்து முன்வந்தனர். மேலதிகாரிகள் கணக்குப் பார்த்தபடி கைஸ்பர்க்கும் கணக்குப் பார்த்திருப்பின், அவ்விளமைக் குரலை நாம் கேட்டிருக்க மாட்டோம். காருசோ 1921-இல் நாற்பத்தெட்டாம் வயதிலேயே காலமானார்.

கல்கத்தாவில் கைஸ்பர்க்

அதே 1902-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கீழ்நாட்டு யாத்திரை மேற்கொண்டார். அக்டோபர் மாதக் கடைசியிற் கல்கத்தா சேர்ந்து, விடுதியொன்றில் தங்கி, நவம்பரிற் பதிவைத் தொடங்கினார். அந்நகரில் வாழ்ந்த ஐரோப்பியர், தம்மைச் சூழ்ந்துள்ள மக்களின் சங்கீதத்தைப்பற்றிச் சிறிதும் அறியாதவராயிருந்தமை கண்டு அவர் வியந்தார். வேறோர் உலகத்தில் வாழ்வார்போல் அவர்கள் வாழ்ந்தனர் என்பது அவர் கருத்து. ஆதலின் அவர்களை விட்டு நாடக சாலைகளையும் நாட்டியக் கச்சேரிகளையும் தாமே தேடிச் சென்று கேட்டார்.

பெரிய உஸ்தாதுகள் பலர் பொறியின்முன் வரத் தயங்கினர். முன்வந்தவர் பெரும்பாலும் நாடகமேடைப் பெண்டிரும், நாட்டியமும் பாட்டும் தொழிலாகக் கொண்ட மாதரும் ஆவர். அவர்களுள் தலைமை பெற்றவர் கௌஹர் ஜான். இவரும் 1873-ஆம் ஆண்டிற் பிறந்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரே ஆண்டிற் பிறந்த மூவருள் ஒருவர் வாஷிங்டனிலும், ஒருவர் நேப்பிள்ஸிலும், ஒருவர் அஜம்கரிலும் தோன்றி, அம்மூவர் பெயரும் கிராமபோன் சரித்திரத்தில் ஒன்றாய்ப் பிணைந்தன. கௌஹர் ஜான் விலையுயர்ந்த ஆடையணிகளுடன் பெரிய பரிவாரம் சூழ வந்தார். மேனாட்டுப் பெரும்பாடகியராகிய மெல்பா முதலியோர்க்கும் அத்துணைப் பரிவாரம் இல்லை எனக் கைஸ்பர்க் வியந்து எழுதியுள்ளார்.

விஸ்தாரமாய் ஒரு மணி நேரம் பாடவேண்டிய ராகத்தை மூன்று நிமிஷத்தில் அடக்கவேண்டும். கௌஹர் ஜான் அதனைத் திறம்படச் செய்தார். சுருக்கமாகத் தொடங்கி, ராகத்தின் உயிர்நிலைகளைத் தொட்டு, விரைவிலே முடித்து, இறுதியிலே தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறினார். மெழுகுத் தட்டுகள் அச்சாவது ஹானோவர் நகரில். ஆங்குள்ள தொழிலாளர்க்கு நம் நாட்டு மொழி தெரியாது. பாடியவர் இன்னார் என அவர்கள் அறிந்து முகப்புச் சீட்டு ஒட்டுதற்கே இம்முறை ஏற்பட்டது. அத்தட்டுகளைக் கேட்போர்க்கு அம்முடிவுச் சொற்களே பாட்டினும் நெஞ்சில் நிற்கும். பிறர் தம் பெயரை மறைத்து இகழ்ந்த காலத்தில், ஒரு பெண் தன் பெயரைத் தானே உலகறியக் கூறிய குரல் அது.

கல்கத்தாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பதிவுகளை முடித்துக்கொண்டு, கைஸ்பர்க் ஜப்பான், சீனம், சயாம், பர்மா முதலிய நாடுகளுக்குச் சென்றார். 1903-ஆம் ஆண்டில் இலண்டன் திரும்பினார். அவருக்குப் பின் வேறு பதிவாளர் சென்னைக்கும் வந்தனர். 1908-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலேயே தட்டு அழுத்தும் தொழிற்சாலை ஏற்பட்டது. நம் கோயம்புத்தூர்த் தாயி என்பவரின் பாட்டுகள் பல தட்டுகளில் வெளிவந்தன. 1912-ஆம் ஆண்டை ஒட்டி இந்தியா வந்த பிரெஞ்சு இசைப்புலவர் மொரீஸ் டெலாஜ் அவற்றுள் ஒன்றைக் கேட்டு உருகி, அதனை அடிப்படையாகக்கொண்டு ராகமாலிகா என்னும் இசையை இயற்றினார். தமிழ்நாட்டுக் குரல் பாரிசு நகர மேடை ஏறியது தட்டின் வாயிலாகவே.

இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டும். கைஸ்பர்க் நம் சங்கீதத்தின் நுட்பம் உணர்ந்து இங்கு வந்தாரல்லர். பொறிகளும் தட்டுகளும் விற்பனையாகவேண்டும் என்பதே அவரை அனுப்பினோர் நோக்கம். மூன்று நிமிஷ வரம்பு நம் ஆலாபனை முறைக்குச் செய்த குறுக்கமும் சிறிதன்று. இவையெல்லாம் உண்மை. ஆயினும் வணிகம் கருதி வந்தவர் செய்த பணியை, கலையின் காவலர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட செல்வர் பலர் அன்று செய்திலர் என்பதும் உண்மையே.

பாட்டி அம்மையார்

1905-ஆம் ஆண்டு டிசம்பரில் கைஸ்பர்க் தம் சகோதரர் வில் என்பவருடன் வேல்ஸ் நாட்டு மலைப்பாங்கில் உள்ள ஒரு மாளிகைக்குப் பொறியை எடுத்துச் சென்றார். ஆங்கு வாழ்ந்தவர் அடெலினா பாட்டி என்னும் பாடகி. ஐரோப்பிய மன்னரெல்லாம் போற்றிய அவர்க்கு அப்போது வயது அறுபத்திரண்டு. நெடுநாள் மறுத்துவந்து இறுதியில் இசைந்தார். தம் மாளிகைக்கே வந்தாலன்றிப் பாடுவதில்லை என்பது அவர் நிபந்தனை. சகோதரர் இருவரும் நாட்கணக்கிற் காத்திருந்தனர். இறுதியில் அம்மையார் பாடினார். அதுகாறும் பல்லாயிரவர் செவிக்கு விருந்தாயிருந்த தம் குரலைத் தாம் ஒருநாளும் கேட்டறியாத அவர், அதனை முதன்முறை குழல் வழியே கேட்டபோது மகிழ்ச்சி தாங்காது குழலை நோக்கி முத்தங்களை வீசினாராம். முதுமையால் தளர்ந்த குரலேயாயினும், அஃதன்றி அவர் பாட்டு நமக்கு வேறில்லை. பத்தாண்டு முன்னரே பதிந்திருக்கலாகாதா எனச் சேகரிப்போர் இன்றும் ஏங்குவர்.

சகோதரர் வில்லின் முடிவு துயரமானது. முதல் உலகப் போரின் இறுதியில், 1918 அக்டோபரில், பிரான்சுப் போர்க்களத்திற்குச் சென்று பீரங்கி ஒலியைப் பதிந்தார். திரும்பி வந்து அடுத்த மாதமே, அப்போது உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சலால் இறந்தார். கைஸ்பர்க் மணம் புரிந்துகொள்ளாதவர். தம்பியை இழந்த பின் பணியே அவர்க்குக் குடும்பமாயிற்று.

சந்தா சேர்த்துக் காத்த சங்கீதம்

1925-ஆம் ஆண்டில் மின்சாரப் பதிவு வந்தது. கூம்புக் குழல் போய் மைக்ரோபோன் நின்றது. முழு வாத்தியக் கோஷ்டியின் ஒலியும் தட்டில் ஏறியது. இசைத்தட்டைச் சேர்ப்போரும் பெருகினர். 1923-ஆம் ஆண்டிலேயே காம்ப்டன் மெக்கன்ஸி என்னும் எழுத்தாளர் இலண்டனில் தி கிராமபோன் என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். எந்தத் தட்டு நன்று, எதில் எவ்விடம் சுருக்கப்பட்டது, எந்த ஊசி தட்டைக் கெடுக்காது என்பனபற்றி அன்பர்கள் அதில் எழுதி வாதிட்டனர். கைஸ்பர்க்கும் பிற்காலத்தில் அதிற் கட்டுரைகள் வரைந்தார்.

1930-ஐ ஒட்டி உலகெங்கும் வாணிகம் சரிந்தது. விலைபோகாத அரிய சங்கீதத்தைப் பதியக் கம்பெனியார் அஞ்சினர். அப்போது கம்பெனியில் இளைஞராயிருந்த வால்டர் லெக் என்பவர் ஒரு வழி கண்டார். முன்பணம் செலுத்தும் சந்தாதாரர் ஐந்நூறுவர் சேர்ந்தாற் பதிவு செய்வது, சேராவிடின் விடுவது. ஹ்யூகோ வோல்ப் என்பாரின் பாடல்கள் 1931-இல் இம்முறையால் வெளிவந்தன. பின்னர்ப் பீத்தோவனின் முப்பத்திரண்டு பியானோ ஸொனாட்டாக்களும் இவ்வாறே வெளியாயின. அவற்றை வாசித்தவர் ஆர்த்தர் ஷ்னாபெல். தட்டுக்கு வாசிப்பதில் வெறுப்புற்றிருந்த அவரை இணங்கச் செய்தவர் கைஸ்பர்க். பாக்கின் செல்லோ தொகுதிகள் ஆறனையும் பாப்லோ காசால்ஸ் 1936 முதல் 1939 வரை பதிந்தார்.

நம் சங்கத்தார் இதனை ஊன்றி நோக்கவேண்டும். ஒரு பிரபுவின் கொடையால் இப்பணி நடக்கவில்லை. ஆசிரியர், குமாஸ்தா, வைத்தியர் முதலிய நடுத்தர மக்கள் ஒவ்வொருவரும் சிறு தொகை செலுத்தியதனாலேயே நடந்தது. தட்டு கையிற் கிடைக்குமுன்னரே, கேளாத இசைக்காகப் பணம் கட்டிய அவ்வைந்நூறுவரின் நம்பிக்கையே அதன் மூலதனம்.

எல்கரின் இறுதி நாள்

ஆங்கில இசைப்புலவர் எட்வர்டு எல்கருடன் கைஸ்பர்க் கொண்ட நட்பு உயர்ந்தது. முதுமையில் உலகம் தம்மை மறந்ததென மனம் நொந்திருந்த அவரைக்கொண்டே அவர் இயற்றிய நூல்களைப் பதியச் செய்தார். 1931 நவம்பரில் அபி ரோடு பதிவு நிலையம் திறக்கப்பட்டபோது வாத்தியக் கோஷ்டியை நடத்தியவர் எல்கரே. 1932 ஜூலையில் யெஹுதி மெனுஹின் என்னும் பதினாறு வயதுச் சிறுவர் எல்கரின் பிடில் இசையை அவர் தலைமையில் வாசித்தார்.

1934 ஜனவரியில் எல்கர் தீராத நோயாற் படுக்கையிற் கிடந்தார். நூறு மைலுக்கு அப்பால் இலண்டன் நிலையத்தில் அவர் இயற்றிய பகுதிகளைப் பதிய ஏற்பாடு செய்து, அங்கிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக வூஸ்டர் நகரில் உள்ள அவர் படுக்கையருகே ஒலி சேருமாறு கைஸ்பர்க்கும் கம்பெனியாரும் அமைத்தனர். ஜனவரி 22-ஆம் தேதி எல்கர் படுத்தபடியே கேட்டு, இன்ன இடத்தில் நிதானிக்க, இன்ன இடத்தில் விரைக எனத் திருத்தங்களும் கூறினார். ஒரு மாதம் சென்று, பெப்ரவரி 23-ஆம் தேதி உயிர் துறந்தார். வாணிகக் கணக்கில் இச்செயலுக்குப் பொருள் காண்பதரிது. நட்பின் கணக்கிலேயே காணலாகும்.

வியன்னா நகரின் கடைசிக் குரல்

கைஸ்பர்க்கின் பணிகளுள் மிகப் பெரியதென எமக்குத் தோன்றுவது 1938 ஜனவரி 16-ஆம் தேதி நிகழ்ந்தது. அன்று வியன்னா நகர இசை மண்டபத்தில், புரூனோ வால்டர் தலைமையில், குஸ்தாவ் மாலர் இயற்றிய ஒன்பதாம் சிம்பொனி நடந்தது. மாலர் இறந்த மறு ஆண்டாகிய 1912-இல் அதனை முதன்முதல் அரங்கேற்றியவரும் அதே வால்டர். வாசித்ததும் அதே கோஷ்டி. முதல் பிடில் வாசித்த ஆர்னால்டு ரோஸே மாலரின் சகோதரியை மணந்தவர். 1881 முதல் அக்கோஷ்டியில் தலைமை தாங்கியவர். சபையோர் இருமலும் அசைவும் உட்பட, கச்சேரி நடந்தவாறே பத்துத் தட்டுகளின் இருபது பக்கங்களில் அது பதியப்பெற்றது. அச்சிம்பொனியின் முதற் பதிவு அதுவே.

எட்டு வாரம் கழியுமுன், மார்ச்சு 12-ஆம் தேதி ஹிட்லரின் படை வியன்னாவிற் புகுந்தது. வால்டரும் ரோஸேயும் யூதர். வால்டர் நாடிழந்து அலைந்து இறுதியில் அமெரிக்கா சேர்ந்தார். ஐம்பத்தேழாண்டு வாசித்த முதியவர் ரோஸே வேலையினின்று நீக்கப்பட்டு இலண்டனுக்கு ஓடி, 1946-இல் அங்கேயே மடிந்தார். அவர் புதல்வி அல்மா 1944-இல் ஆஷ்விட்ஸ் சிறைக்கூடத்தில் இறந்தாள். அக்கோஷ்டியைச் சேர்ந்த யூத வாத்தியக்காரருட் சிலரும் நாஜிகளின் கொடுமைக்குப் பலியாயினர். மாலரின் இசை ஜெர்மானிய ஆட்சி பரவிய இடமெங்கும் விலக்கப்பட்டது. அன்றிரவு ஒரு மண்டபத்தில் ஒன்றுகூடியிருந்தவர் மீண்டும் அவ்வாறு கூடவே இல்லை. அவ்விரவு மட்டும் அரக்குத் தட்டில் நின்றுவிட்டது. இரண்டு திங்கள் தாழ்த்திருப்பின் அதுவும் இல்லை.

இறுதிக் காலம்

கைஸ்பர்க் 1939-இல் ஓய்வு பெற்றார். தம் நினைவுகளை 1942-இல் நூலாக வெளியிட்டார். அவர் எழுதிவைத்த நாட்குறிப்புகள் பழைய பதிவுகளின் காலத்தையும் இடத்தையும் அறுதியிடுவோர்க்குப் பெருந்துணையாய் உதவின. 1951 செப்டம்பர் 2-ஆம் தேதி இலண்டனில் தம் எழுபத்தெட்டாம் வயதிற் காலமானார். மெழுகு உருளையிற் பணி தொடங்கியவர், நீண்டநேரம் ஒலிக்கும் பிளாஸ்டிக் தட்டு வந்ததையும் கண்டு மறைந்தார். கௌஹர் ஜானோ அவர்க்கு இருபத்தோராண்டு முன்னரே, 1930 ஜனவரியில், மைசூரில் முன்னைச் செல்வமெல்லாம் கரைந்த நிலையில் உயிர் நீத்தார். இப்போது அவர்தம் குரலைக் கைப்பேசியிலேயே எவரும் கேட்கலாம்.

முடிவுரை

இச்சரிதையினின்று நாம் கொள்ளத்தக்க பயன் யாது? நம் இல்லங்கள் பலவற்றின் பரணில் பழைய இசைத்தட்டுகள் இன்றும் தூசி படிந்து கிடக்கின்றன. பழைய சாமான் வாங்குவோரிடம் எடைக்குப் போட்டுவிடுவதன்முன் முகப்புச் சீட்டில் யார் பெயர் உளதென ஒருமுறை படித்துப் பாருங்கள். தட்டுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்காது, நூல்போல் நிறுத்தி வையுங்கள், வெயிலிலும் அடுப்படியிலும் வையாதீர்கள், அரக்கு வளையும். சாராயம் கலந்த எந்நீராலும் துடையாதீர்கள், அரக்கு கரையும். ஓட்டிக் கேட்கப் பொறி இல்லையேல், பழைய பதிவுகளைக் காக்கும் நூலகங்களுக்கு அளியுங்கள். அவர்கள் அதனைப் படியெடுத்துக் காப்பர்.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. நம் வீட்டு முதியோர் அறிந்த தாலாட்டும், நலுங்குப் பாட்டும், ஒப்பாரியும் எந்தத் தட்டிலும் ஏறாதவை. கைஸ்பர்க்கோ ஒரு பாட்டைப் பதியப் பெட்டி பெட்டியாய்ச் சாமான்களைக் கப்பலேற்றினார். மேலதிகாரியின் தடையையும் மீறினார். மாளிகை வாயிலிற் காத்துக் கிடந்தார். இன்று நம் இளைஞர் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அவர் பொறியினும் பன்மடங்கு சிறந்த பொறி இருக்கின்றது. பாட்டியார் அருகில் அமர்ந்து அதனை ஒருமுறை இயக்குதற்கு ஒரு நாழிகை போதும். பாடி முடித்தபின் பெயரையும், ஊரையும், அப்பாட்டை யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். கல்கத்தா விடுதி அறையிற் கௌஹர் ஜான் செய்ததும் அதுவே. வரும் திங்கட் கூட்டத்திற்கு அவ்வாறு பதிந்த ஒரு பாட்டையேனும் கொண்டு வருமாறு நம் குடும்பத்து இளைஞரை வேண்டிக்கொள்ளுகின்றோம்.